தராசு பேசுகிற பாஷை யாருக்குச் சொந்தம்?

ஒரு கருவியைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால், அது பேசுகிற பாஷையும் வாங்கியவருக்குத்தான் சொந்தம். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். "இதுல என்னடா இருக்கு, யார் இல்லேன்னா?" என்று கேட்பீர்கள். தென்காசிப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கிப் பாருங்கள். முக்கால்வாசிக் கடைகளில் எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறது. அதன் முதுகில் ஒரு யுஎஸ்பி ஓட்டையோ, ஒன்பது ஊசி சீரியல் ஓட்டையோ இருக்கிறது. பக்கத்து மேசையில் கம்ப்யூட்டரும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து, தராசைப் பார்த்து நோட்டில் எழுதி, நோட்டைப் பார்த்து கம்ப்யூட்டரில் தட்டிக் கொண்டிருக்கிறார்.

மத்தளம்பாறையில் சோஹோ அலுவலகம் இருக்கிறது. அங்கே எழுதுகிற மென்பொருள் உலகம் முழுக்கப் போகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட். அங்கே உள்ள தராசு சொல்வது அரை மீட்டர் தள்ளி இருக்கிற பொட்டிக்குப் புரியவில்லை. தொழில்நுட்பம் இல்லாததால் அல்ல, தராசு என்ன வடிவத்தில் எடையை அனுப்புகிறது என்று யாரும் எழுதி வைக்காததால். எழுத வேண்டியது ஒரே ஒரு பக்கம்.

யுஎஸ்பி என்றால் எல்லாம் சுலபம் இல்லையா?

பலருக்கும் உள்ள குழப்பம் இது. மவுஸ், கீபோர்டு, பென் டிரைவ் எல்லாம் சொருகிய உடனே வேலை செய்கின்றன. காரணம், யுஎஸ்பி தரத்திலேயே அவற்றுக்கென்று வகுப்புகள் இருக்கின்றன. எந்தக் கம்பெனி கீபோர்டாக இருந்தாலும் ஒரே மாதிரி பேச வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். தராசு, வெப்பமானி, மழைமானி, சூரிய மின்தகட்டு இன்வெர்ட்டர் போன்றவற்றின் கதை வேறு. அவற்றின் உள்ளே இருப்பது பழைய சீரியல் இணைப்பு. ஆர்எஸ்-232 என்ற அந்தத் தரம் 1960-ல் வந்தது, யுஎஸ்பி 1996-ல் வந்தது. இந்தக் கருவிகளில் யுஎஸ்பி வெறும் சட்டை. உள்ளே ஒரு சிறிய மாற்றி சிப் இருக்கும். ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் சீரியல்.

இப்படிச் சொல்லலாம். தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு ரோடு போட்டாயிற்று. யார் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் பஸ்ஸுக்குள் இருக்கிறவர்கள் தமிழில் பேசுகிறார்களா, மலையாளத்தில் பேசுகிறார்களா என்பதற்கும் ரோட்டுக்கும் சம்பந்தம் இல்லை. யுஎஸ்பி என்பது ரோடு. பாஷை கம்பெனிக்காரன் இஷ்டம்.

அந்த மாற்றி சிப்பும் தனி வில்லங்கம். 2014 அக்டோபரில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். எஃப்டிடிஐ என்ற ஸ்காட்லாந்து கம்பெனியின் சிப்பைப் போலவே போலி சிப்புகள் சந்தையில் ஏராளம். அந்தக் கம்பெனி வெளியிட்ட புதிய டிரைவர், விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, போலி என்று கண்டுபிடித்த சிப்பின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றிவிட்டது. நேற்று வரை வேலை செய்த கருவி இன்று கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. பெரிய எதிர்ப்பு வந்ததும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. போலி சிப் செய்தவன் மேல் கோபம் நியாயம்தான். ஆனால் அடி வாங்கியது யார்? தன் கருவிக்குள் எந்த சிப் இருக்கிறது என்றே தெரியாத கடைக்காரரும் மாணவரும்தான். கருவியைப் பற்றி வாங்கியவருக்கு எதுவும் சொல்லாமல் விற்பதில் இப்படியும் ஒரு ஆபத்து இருக்கிறது.

ஒட்டுக் கேட்டே பாஷை படிக்கலாம்

எழுதி வைக்காத பாஷையை எப்படிக் கற்பது? ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆஸ்திரேலியர் சாம்பா என்ற மென்பொருளை ஆரம்பித்தவர். விண்டோஸ் கம்ப்யூட்டர்களோடு லினக்ஸ் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவுவது அது. மைக்ரோசாஃப்டின் ரகசியத்தைத் திருடினீர்களா என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரு விளக்கம் சொன்னார்: ஃபிரெஞ்ச் தெரியாதவன் ஃபிரெஞ்ச் ஓட்டலில் உட்கார்ந்து, யார் என்ன கேட்டால் என்ன வருகிறது என்று பார்த்துப் பார்த்தே பாஷையைக் கற்றுக்கொள்வது போலத்தான் என்றார்.

நமக்கு ஃபிரான்ஸ் வரை போக வேண்டாம். குற்றாலம் சீசனில் பார்டர் பக்கம் ஒரு பரோட்டா கடையில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கொல்லத்துக் குடும்பம் ஒன்று வந்து ஏதோ சொல்கிறது, தண்ணீர் வருகிறது. இன்னொருவர் அதே சொல்லைச் சொல்கிறார், மறுபடியும் தண்ணீர். "வெள்ளம்" என்றால் வெள்ளப்பெருக்கு இல்லை, குடிக்கிற தண்ணீர் என்று புரிந்துவிடும். அகராதி வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். காது இருந்தால் போதும்.

பாவூர்சத்திரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கமிஷன் கடை அண்ணாச்சியின் தராசில் இதைத்தான் செய்தேன். நூறு கிலோ பிளாட்ஃபார்ம் தராசு, பத்து கிராம் வரை காட்டும். பின்னால் யுஎஸ்பி. விற்றவரிடம் கேட்டால் "அதுக்குத் தனி சாஃப்ட்வேர் வாங்கணும்" என்று தராசு விலையில் பாதி சொன்னாராம். அப்புறம் போனையும் எடுக்கவில்லையாம். கூட வந்த கையேட்டில் யுஎஸ்பி பற்றி ஒரே ஒரு வரி: "கணினியோடு இணைக்கலாம்". எப்படி என்று இல்லை :-)

என்ன செய்தோம் என்று விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் ஊர்த் தராசுக்கும் உதவும்.

1. லினக்ஸ் லேப்டாப்பில் சொருகி, எல்எஸ்யுஎஸ்பி கட்டளையைத் தட்டினோம். 0403:6001 என்று இரண்டு எண்கள் வந்தன. முதலாவது சிப் செய்த கம்பெனியின் எண், இரண்டாவது சிப் வகையின் எண். எஃப்டிடிஐ வகை. ஆக, உள்ளே இருப்பது சாதாரண சீரியல்தான். (உள்ளே மாற்றி சிப் இல்லாமல் கருவியே நேரடியாக யுஎஸ்பி பேசினால், பெரும்பாலும் வேகத்தை என்ன வைத்தாலும் வேலை செய்யும். மாற்றி சிப் இருந்தால் வேகம் சரியாக இருந்தே ஆக வேண்டும்.)

2. வேகம் தெரியாது. வழக்கமான வேகங்கள் கொஞ்சம்தான்: 1200, 2400, 4800, 9600, 19200 இப்படி. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். 9600-ல் முழுக் குப்பை. 2400-ல் பாதிக் குப்பை. பாதிக் குப்பை என்பது ரொம்ப நல்ல செய்தி! பன்னிரண்டு எழுத்துக்கு ஒரு முறை அதே மாதிரி திரும்பத் திரும்ப வந்தது. வேகம் தப்பாக இருந்தால் இப்படி ஒழுங்கு வராது.

3. அந்தப் பாதிக் குப்பையில் ஒரு விசேஷம். தராசு 0, 3, 5, 6, 9 காட்டும்போது அந்த இலக்கங்கள் சரியாக வருகின்றன. 1, 2, 4, 7, 8 வந்தால் மட்டும் புரியாத எழுத்து. ஏன் இந்த ஐந்துக்கு மட்டும்? கணினியில் இலக்கங்களின் குறியீட்டை 0, 1 என்று எழுதிப் பாருங்கள். 0, 3, 5, 6, 9 ஆகியவற்றின் குறியீட்டில் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை. மற்ற ஐந்தில் ஒற்றைப்படை. அதாவது தராசு ஏழு பிட்டில் எழுத்தை அனுப்பி, எட்டாவது பிட்டை ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டையாக்கப் பயன்படுத்துகிறது. நாங்கள் எட்டு பிட்டையும் எழுத்தென்று நினைத்துப் படித்தோம். ஏழு பிட், இரட்டைச் சமநிலை, ஒரு நிறுத்த பிட் என்று மாற்றியதும் பத்து இலக்கமும் பளிச்சென்று வந்தன.

"என்ன தம்பி, பொட்டி பேசுதா?" என்று அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"பேசுது அண்ணாச்சி. நம்பர் வெளங்குது. கடைசி எழுத்துதான் வெளங்கல."

"எனக்கு நம்பர் போதும்லா?"

போதாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

4. பன்னிரண்டு எழுத்தில் முதலாவது ஆரம்பக் குறி (எண் 02). இரண்டாவது கூட்டல் அல்லது கழித்தல் குறி. அடுத்து ஆறு இலக்கங்கள், புள்ளி இல்லாமல். 1.20 கிலோ என்றால் 000120. ஒன்பதாவதாக எஸ் அல்லது யு என்ற ஆங்கில எழுத்து. பத்தாவது ஒரு மர்ம எழுத்து. பதினொன்றாவது முடிவுக் குறி (03), பன்னிரண்டாவது வரி முடிவு (13).

5. ஒன்பதாவது எழுத்துதான் முக்கியம். தட்டில் மூட்டையைத் தூக்கிப் போட்டதும் சில நொடிகள் எண் ஆடும். அப்போது யு, நின்றதும் எஸ். இதைக் கவனிக்காமல் நிரல் எழுதினால், மூட்டை விழுந்த வேகத்தில் தராசு காட்டும் கூடுதல் எடையோ, ஆள் கை வைத்திருக்கும்போது காட்டும் எடையோ கணக்கில் ஏறிவிடும். நஷ்டம் விவசாயிக்கோ அண்ணாச்சிக்கோ. நம்பர் மட்டும் போதாது என்றது இதனால்தான்.

6. பத்தாவது எழுத்து சரிபார்க்கும் எழுத்து என்று சந்தேகம். வழியில் ஏதாவது பிட் கெட்டுப் போனால் காட்டிக்கொடுப்பதற்காக வைப்பது. அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கடையில் இருந்த எடைக்கற்களே போதும். முதலில் 1 கிலோவும் 200 கிராமும் வைத்தோம் (1.20). பிறகு 2 கிலோவும் 100 கிராமும் (2.10). இரண்டிலும் இலக்கங்கள் அதேதான், வரிசை மட்டும் மாறியிருக்கிறது. பத்தாவது எழுத்து மாறவில்லை. ஆக, வரிசையைப் பொருட்படுத்தாத கணக்கு: வெறும் கூட்டலோ, எக்ஸ்ஆர் என்ற பிட் கணக்கோ. அடுத்து 1 கிலோவும் 100 கிராமும் (1.10). காலித் தட்டுக்கு வந்த அதே எழுத்து வந்தது. கூட்டல் என்றால் இரண்டு ஒன்று கூடியிருக்க வேண்டும். எக்ஸ்ஆர் கணக்கில் ஒரே இலக்கம் இரண்டு தடவை வந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும். எனவே எக்ஸ்ஆர். பைத்தானில் நாலு வரி எழுதிச் சரிபார்த்தோம், பொருந்தியது.

முடிந்தது. ஒரு மத்தியானம் ஆனது. இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. நம் வகுப்பில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். இந்த தராசு கேட்காமலே நொடிக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொண்டே இருக்கும் வகை. சில கருவிகள் கேட்டால்தான் பதில் சொல்லும். அதற்குக் கம்பெனி மென்பொருள் ஓடும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அது என்ன கேட்கிறது, கருவி என்ன சொல்கிறது என்று வயர்ஷார்க் கொண்டு யுஎஸ்பி போக்குவரத்தைப் பதிவு செய்யலாம். லினக்ஸ் கர்னலில் இதற்கான யுஎஸ்பிமான் வசதி 2005-லிருந்தே இருக்கிறது. சில சீனத் தராசுகளில் இலக்கங்கள் பின்னாலிருந்து முன்னாக வரும். 12.50 என்பது 05.21 என்று வந்தால் பயப்பட வேண்டாம், கண்ணாடியில் பார்ப்பது போலப் படிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கேட்பது வேறு, குருட்டாம்போக்கில் கட்டளை அனுப்பிப் பார்ப்பது வேறு. எந்த எழுத்துக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் அனுப்பினால் கருவியின் அமைப்பே மாறலாம். எடை இயந்திரங்களுக்கு 2009-ம் ஆண்டு சட்ட எடையளவுச் சட்டப்படி முத்திரை உண்டு. அந்த சீலைத் தொடவே கூடாது. சொருகிக் கேட்பதற்கு சீலை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டு, உண்மையான ஆர்எஸ்-232 இணைப்பில் கம்பியில் கூட்டல் கழித்தல் 15 வோல்ட் வரை ஓடலாம். அதை 3.3 வோல்ட் மைக்ரோகண்ட்ரோலர் காலில் நேரே கொடுத்தால் புகைதான்.

கம்பெனிக்காரர்கள் சொல்லும் காரணங்கள்

"இது எங்கள் தொழில் ரகசியம்." எது ரகசியம்? சுமை உணரியிலிருந்து வரும் மிகச் சிறிய மின் அழுத்தத்தை வெயிலிலும் மழையிலும் மாறாமல் எடையாக மாற்றுகிறார்களே, அது ரகசியமாக இருக்கலாம். அதை யாரும் கேட்கவில்லை. முகப்பில் சிவப்பு எழுத்தில் எல்லோருக்கும் தெரியும்படி காட்டுகிற அதே எண்ணைக் கம்பியில் எந்த வரிசையில் அனுப்புகிறார்கள் என்பதில் என்ன ரகசியம்?

"பாஷை தெரிந்தால் ஏமாற்றுவார்கள்." இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதால் கவனமாகப் பார்ப்போம். பாஷை தெரிந்தவன் தராசுக்குப் பதில் இன்னொரு பொட்டியை மாட்டிப் பொய் எடை அனுப்பலாம். சரி. ஆனால் பாஷையை மறைத்தால் அது தடுபடுமா? ஒரு கல்லூரி மாணவன் ஒரு மத்தியானத்தில் கண்டுபிடிப்பதை, ஏமாற்ற நினைப்பவன் ரெண்டு நாளில் கண்டுபிடிக்க மாட்டானா? ஏமாற்றைத் தடுக்க வேண்டுமானால் செய்தியில் மின்னணுக் கையொப்பம் சேர்க்க வேண்டும். மறைத்து வைப்பதால் நல்லவன் மட்டும்தான் வெளியே நிற்கிறான். பரிசோதிக்க வருகிறவரும் வெளியேதான் நிற்கிறார்.

இது கமிஷன் கடையோடு நிற்கிற விஷயம் இல்லை. 2021 ஜூனில் மத்திய அரசு உணவுப் பாதுகாப்பு தொடர்பான விதிகளைத் திருத்தி, ரேஷன் கடையின் பிஓஎஸ் கருவியோடு எலெக்ட்ரானிக் தராசை இணைப்பதை ஊக்குவித்தது. தமிழ்நாட்டிலும் பின்னர் இரண்டையும் ப்ளூடூத்தில் இணைக்கும் வேலை தொடங்கியது. எடை குறைவதைத் தடுக்கத்தான் இது, நல்ல நோக்கம். அப்படியானால் தராசு பிஓஎஸ்ஸிடம் என்ன சொல்கிறது என்பது பொதுத் தகவல் ஆக வேண்டாமா? அரிசி வாங்குகிற பாட்டிக்கு அது புரியாது. ஆனால் பாட்டியின் பேரன் படித்துப் பார்க்க வழி இருக்க வேண்டும்.

"சட்டப்படி இது தப்பு." இதுதான் பலரும் பயப்படுவது. நான் வக்கீல் இல்லை. ஆனால் சட்டம் இணையத்திலேயே கிடைக்கிறது, படித்துப் பார்க்கலாம். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 1999-ல் ஒரு திருத்தம் செய்து, பிரிவு 52(1)-ல் ஏபி, ஏசி என்று உட்பிரிவுகள் சேர்த்தார்கள். ஒரு நிரலைச் சட்டப்படி கையில் வைத்திருப்பவர், வேறு வழியில் எளிதில் கிடைக்காத தகவலை, தனியாக எழுதப்பட்ட இன்னொரு நிரலோடு அது சேர்ந்து இயங்குவதற்காகத் தேடி எடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது. நிரல் எப்படி இயங்குகிறது என்று கவனிப்பதும் சோதிப்பதும் மீறல் ஆகாது. "வேறு வழியில் எளிதில் கிடைக்காத" என்பதைக் கவனியுங்கள். பாஷையை எழுதி வைக்காத கம்பெனிதான் நமக்கு இந்த உரிமையைக் கொடுக்கிறது :-)

எழுதி வைத்தால் என்ன கெட்டுவிடும்?

ஒன்றும் கெடாது என்பதற்கு உலகத்தில் நிறைய சாட்சி. மோடிகான் என்ற கம்பெனி 1979-ல் தன் ஆலைக் கருவிகளுக்காக மோட்பஸ் என்ற பாஷையை உருவாக்கி வெளிப்படையாக எழுதி வைத்தது. இன்று வரை இன்வெர்ட்டர், மோட்டார், மின்மானி எல்லாம் அதைப் பேசுகின்றன. மீன்பிடிப் படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி, வேறு கம்பெனித் திரையோடு பேச முடிவது என்எம்இஏ 0183 என்ற பொதுத் தரத்தால்.

நம் வீட்டு மின்சார மீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒவ்வொரு கம்பெனி எலெக்ட்ரானிக் மீட்டரும் தனக்கென்று ஒரு பாஷை வைத்திருந்தது. ஐந்து கம்பெனி மீட்டர் வாங்கினால் ஐந்து மென்பொருள் வேண்டும். மின்வாரியங்கள் கம்பெனியின் பிடியில். பிறகு சர்வதேசத் தரம் ஒன்றை ஒட்டி, இந்தியாவுக்கென்று ஐஎஸ் 15959 என்ற தரத்தை 2011-ல் வெளியிட்டார்கள். மீட்டர் கம்பெனி எதுவும் அதனால் அழிந்துபோகவில்லை. மீட்டருக்கு முடிந்தது தராசுக்கு ஏன் முடியாது?

எழுதி வைக்காததால் எவ்வளவு பெரிய இழப்பு வரலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. சர்க்கரை நோயாளிகளின் உடலில் பொருத்தி, சர்க்கரை அளவை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை காட்டும் கருவி ஒன்றை அமெரிக்காவில் டெக்ஸ்காம் கம்பெனி விற்றது. அளவு தெரிவது பையில் இருக்கும் சிறிய திரையில் மட்டும். குழந்தை பள்ளிக்கூடத்தில், அப்பா ஆபீசில். சர்க்கரை திடீரென்று இறங்கினால் அப்பாவுக்குத் தெரியாது. ஜான் காஸ்டிக் என்ற பொறியாளர் 2013-ல், அந்தத் திரைப்பொட்டியின் யுஎஸ்பி ஓட்டை வழியாக எண்களைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்து, தன் மகனின் அளவை எங்கிருந்தும் பார்க்கும்படி செய்தார். மற்ற பெற்றோர்களும் சேர்ந்துகொண்டார்கள். நைட்ஸ்கவுட் என்ற திட்டமாக அது வளர்ந்தது. "நாங்கள் காத்திருக்க மாட்டோம்" என்பது அவர்களுடைய கோஷம். கம்பெனியே அந்த மாதிரி வசதியைப் பின்னால்தான் கொண்டுவந்தது. இடைப்பட்ட காலத்தை அந்தப் பெற்றோர்கள் கம்பெனிக்காகக் காத்திருந்து கழிக்கவில்லை.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருகிறேன். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு மாணவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கீழே வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டும். இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து இது. மேலே மழைமானியும் நீர்மட்டக் கருவியும் வைத்து, கீழே மணி அடிக்க வைக்கலாம் என்பது யாருக்கும் தோன்றும் யோசனை. அப்படி எந்தக் கருவியை வாங்கினாலும், அது பேசுகிற பாஷை எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இதற்கென்றே எஸ்டிஐ-12 என்ற பொதுவான சீரியல் பாஷை 1988-லிருந்து இருக்கிறது. வேகம் 1200, ஏழு பிட், இரட்டைச் சமநிலை எல்லாம் அச்சில் இருக்கிறது. இல்லாவிட்டால் என்ன ஆகும்? மூன்று வருடம் கழித்து விற்ற கம்பெனி போனை எடுக்காது. மேலே உணரி நன்றாகவே வேலை செய்யும், கீழே யாருக்கும் அது சொல்வது புரியாது. அந்த நிலையில் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

என்ன செய்யலாம்?

வாங்குகிறவர்களுக்கு: தராசோ, இன்வெர்ட்டரோ, எதுவோ, முன்பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "டேட்டா ஃபார்மட் பேப்பர் இருக்கா?" என்று. விற்பவர் முழித்தால் அடுத்த கடை. பத்து அண்ணாச்சிகள் கேட்டால் பதினொன்றாவது தராசோடு பேப்பர் வந்துவிடும்.

அரசுக்கு: டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் எல்லாம் அதன் வரம்பில் வருகின்றன. உதிரி பாகம், கையேடு பற்றிப் பேசுகிறவர்கள் பாஷையையும் கையேட்டின் ஒரு பகுதியாகச் சேர்க்க வேண்டும்.

கம்பெனிகளுக்கு: எழுத வேண்டியது எவ்வளவு என்று காட்டவே அந்தத் தராசின் பாஷையை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

- வேகம் 2400. ஏழு பிட், இரட்டைச் சமநிலை, ஒரு நிறுத்த பிட்.
- கேட்காமலே நொடிக்குப் பத்துத் தடவை, ஒவ்வொன்றும் 12 எழுத்து.
- 1: ஆரம்பம் (02). 2: கூட்டல் அல்லது கழித்தல்.
- 3 முதல் 8: எடை, ஆறு இலக்கம், கடைசி இரண்டும் தசமம், கிலோவில்.
- 9: நின்றால் எஸ், ஆடினால் யு.
- 10: இரண்டு முதல் ஒன்பது வரை உள்ள எழுத்துகளின் எக்ஸ்ஆர்.
- 11: முடிவு (03). 12: வரி முடிவு (13).

ஏழே வரி! இந்த ஏழு வரியை மறைத்து வைத்துத்தான் தராசு விலையில் பாதியை மறுபடியும் கேட்கிறார்கள்.

நம் வகுப்புத் தோழர்களுக்கு: இறுதியாண்டு புராஜெக்டுக்கு கோடு பார்த்து ஓடும் ரோபோவைக் காசு கொடுத்து வாங்கி வந்து நாமே செய்தது போல வைவா கொடுப்பதை இன்னும் எத்தனை வருடம் செய்யப் போகிறோம்? புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் தராசு இருக்கிறது. ஆலங்குளம், சுரண்டை மில்களில் ஈரப்பத மீட்டர் இருக்கிறது. ஆளுக்கொரு கருவியை எடுத்து, உரிமையாளர் அனுமதியோடு, சீலைத் தொடாமல், அது பேசுகிற பாஷையை ஒரு பக்கம் எழுதிப் போடுவோம். தமிழிலேயே எழுதுவோம். நாம் போன பிறகு நம் ஜூனியர் அதைப் படித்து இருபது வரி நிரல் எழுதினால், இரவு பத்து மணி வரை நோட்டைப் பார்த்துத் தட்டிக் கொண்டிருக்கும் கணக்குப்பிள்ளை எட்டு மணிக்கு வீட்டுக்குப் போவார். பாவூர்சத்திரம் கடையில் இப்போது அப்படித்தான் போகிறார்.

டிஸ்கி: இதெல்லாம் தராசு, வெப்பமானி போன்ற சாதுக் கருவிகளுக்கு. ஆஸ்பத்திரியில் நோயாளியோடு இணைந்திருக்கும் கருவியிலோ, தேர்தல் இயந்திரத்திலோ போய் கம்பி சொருகிவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகத் திட்டலாம். தராசு விற்பவர்கள் யாராவது படித்தால் அவசியம் பதில் சொல்லுங்கள். அந்த ஒரு பக்கத்தைக் கொடுக்காததற்கு வேறு நல்ல காரணம் இருந்தால் தெரிந்துகொள்ள ஆசை.